ரோட்ஸ் தீவில் ஒரு வாரம்: வில்லா எடுத்துத் தங்கி ஓய்வெடுக்க முழுமையான வழிகாட்டி

ஏழு இரவு தங்கினால் மூன்று நாள் மட்டும் வெளியே சுற்றுங்கள். மற்ற நாட்கள் வீடு, கடல், தூக்கம். கிரீஸ் நாட்டின் ரோட்ஸ் தீவுக்குப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே பார்க்க இருப்பதை ஒரு மாதத்திலும் பார்த்து முடிக்க முடியாது. கி.மு. 408-இல் எழுந்த நகரம், சிலுவைப்போர் வீரர்களின் கோட்டை, துருக்கியர் கட்டிய மசூதிகள், இத்தாலியர் விட்டுப்போன மாளிகைகள் எல்லாம் ஒரே தீவில் இருக்கின்றன. பட்டியல் போட்டு ஓட ஆரம்பித்தால் வாடகை கொடுத்து எடுத்த வீட்டில் உட்காரவே நேரம் இருக்காது.

நாங்கள் ஆறு பேர் போனோம்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். செப்டம்பர் கடைசியில், லிண்டோஸ் பக்கத்தில் ஒரு வில்லா. முதல் இரண்டு நாளில் சில தவறுகள் செய்தோம், அப்புறம் சரியாகிவிட்டது. அந்தத் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்த மாதம்

மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் செப்டம்பர் என்பேன். கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரமாட்டார்கள். மே மாதத்தில் மலையெல்லாம் பச்சையாகவும் பூவாகவும் இருக்கும், ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்கச் சொல்வதற்கு மூன்று காரணம். கூட்டம், வெயில், மெல்டெமி. மெல்டெமி என்பது கோடையில் ஏஜியன் கடல் மீது வடக்கிலிருந்து வீசும் காற்று. சில நாள் அலை பெரிதாக எழும். காட்டுத்தீயும் அந்த மாதங்களின் கவலைதான். 2023 ஜூலையில் தீவின் தென்கிழக்கே தீ பரவி, ஏறக்குறைய 19,000 பேரை அவசரமாக வெளியேற்ற வேண்டி வந்தது. எந்த மாதம் போனாலும் 112 என்ற அவசர எண்ணை நினைவில் வையுங்கள். ஆபத்து என்றால் அந்தப் பகுதியில் உள்ள கைப்பேசிகளுக்கு அரசே எச்சரிக்கை அனுப்பும். சத்தமாக அலறும், அதைக் கேட்டு அணைத்துவிடாமல் படித்துப் பாருங்கள்.

நவம்பர் வந்தால் லிண்டோஸில் பாதிக்கு மேல் கடை மூடிவிடும்.

தீவின் எந்தப் பக்கம்

ரோட்ஸ் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். வடக்கு முனையில் ரோட்ஸ் நகரம். விமான நிலையம் அங்கிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கரையில் இருக்கிறது. மேற்குக் கரையில் காற்று அதிகம், கரையும் கூழாங்கல். கிழக்குக் கரையில் மணல், அமைதியான விரிகுடாக்கள். குடும்பமாக ஓய்வுக்குப் போகிறவர்களுக்குக் கிழக்குதான். அதிலும் ஃபாலிராகி இளைஞர்கள் இரவெல்லாம் ஆடிப்பாடும் ஊர், அதைத் தாண்டி வந்துவிடுங்கள்.

நகரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் லிண்டோஸ். மலை உச்சியில் கோயிலும் கோட்டையும், அடிவாரத்தில் வெள்ளை வீடுகள், இரண்டு பக்கமும் கடல். அந்த ஊருக்குள்ளேயே தங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். உள்ளே கார் வராது. ஊர் எல்லையில் இறங்கி, சந்து சந்தாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். இரவில் மதுக்கூடங்களின் பாட்டுச் சத்தமும் உண்டு. இருவர் மட்டும் போனால் ஊருக்குள் ஒரு பழைய வீடு அழகுதான். முட்டி வலிக்காரரும் சின்னப் பிள்ளையும் கூட வந்தால் பெஃப்கோஸ், விலிகா, லார்டோஸ் என்று சில கிலோமீட்டர் தள்ளி எடுங்கள். காரில் பத்து நிமிடத்தில் லிண்டோஸ் வந்துவிடும்.

ஆனால் உள்ளே தங்காவிட்டாலும் லிண்டோஸின் பழைய வீடு ஒன்றின் முற்றத்தைக் கட்டாயம் பாருங்கள். கப்பல் தலைவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடுகள் அவை. முற்றத்துத் தரை முழுக்கக் கடற்கரையில் பொறுக்கிய கறுப்பு, வெள்ளைக் கூழாங்கற்கள். ஒவ்வொரு கல்லையும் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, பக்கத்தில் பக்கமாக நெருக்கி, கொடியும் அலையும் வரைந்திருப்பார்கள். ஹொக்லாக்கி என்று பெயர். காலையில் வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு கல்லின் முனையும் பாதத்தில் தெரியும். தண்ணீர் தெளித்ததும் மங்கிக் கிடந்த கறுப்பு பளிச்சென்று மேலே வரும். எங்களுக்குக் காபி கொடுத்த அம்மா தினமும் இரண்டு முறை தெளிப்பதாகச் சொன்னார். அழுக்குப் போவதற்கு அல்ல, குளிர்ச்சிக்காக.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது எல்லா வில்லாவிலும் இருக்கும். நான் பார்க்கச் சொல்வது நிழல். வெளியே திராட்சைக் கொடிப் பந்தலோ, கூரை போட்ட திண்ணையோ இருக்கிறதா, அதில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை கிடக்கிறதா? நாளின் பெரும்பகுதி அங்கேதான் போகும். அடுத்தது தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை. பெரியவர்கள் வந்தால் இது இல்லாமல் முடியாது. எல்லா அறையிலும் ஏசி இருக்கிறதா, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா, குளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். குளத்துக்குத் தடுப்பு இல்லாத வீடுதான் அதிகம், சின்னப் பிள்ளை இருந்தால் இந்த ஒரு கேள்வியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வழியையும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்குக் கடைசி முந்நூறு மீட்டர் செங்குத்தான மண் பாதை என்பதை விளம்பரத்தில் எங்கேயும் சொல்லவில்லை. ஆறு பேரும் பெட்டிகளும் ஏறிய கார் பாதியில் நின்றுவிட்டது. இருட்டில் மாமனாரை இறக்கி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். வீட்டின் சரியான இடக்குறியை முன்பே வாங்கி, செயற்கைக்கோள் படத்தில் பாதையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கிரீஸில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடு ஒவ்வொன்றுக்கும் அரசுப் பதிவு எண் உண்டு. விளம்பரத்தில் அந்த எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். இன்னொன்று, பருவநிலைத் தாங்குதிறன் கட்டணம் என்று தங்கும் இரவுகளுக்கு அரசு வாங்கும் வரி. 2025-இல் வந்த விகிதப்படி, 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இரவுக்கு 15 யூரோ. ஏழு இரவுக்கு 105 யூரோ. இது வாடகையில் சேர்ந்ததா, போய்ச் சேர்ந்ததும் தனியாகக் கட்ட வேண்டியதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விசா, விமானம், கார்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாகவாவது கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கையில் வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டுமே வீட்டையும் விமானத்தையும் பதிவு செய்யுங்கள்.

ஏதென்ஸிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு, ஆனால் அரை நாளுக்கு மேல் ஆகும். லண்டன் போன்ற ஐரோப்பிய நகரங்களில் இருப்பவர்களுக்குக் கோடையில் நேரடி விமானமே இருக்கிறது.

கார் இல்லாமல் வில்லா விடுமுறை சரிப்படாது. இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை. அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். கியர் வண்டிதான் சாதாரணமாகக் கொடுப்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஆறு பேருக்குச் சின்ன கார் எடுத்தது எங்கள் இரண்டாவது தவறு.

முதல் நாள்: சமையலறையை நிரப்புங்கள்

பெரும்பாலான வில்லாக்கள் சனிக்கிழமை மாறும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். அதனால் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஒரு பெரிய மளிகைக் கடையில் நிறுத்துங்கள். தக்காளி, வெள்ளரி, ஆலிவ், ஃபெட்டா பாலாடைக்கட்டி, ரொட்டி, தேன், பழம், குடிதண்ணீர். தயிரில் நீர் வடித்தது, வடிக்காதது என்று இரண்டு வகை இருக்கும். வடித்த தயிர் கரண்டியைக் குத்தினால் நிற்கும் அளவுக்குக் கெட்டி, சோற்றில் பிசைய வேண்டுமானால் பால் விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நிஸ்தீசிமா. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் சாப்பிடும் உணவு என்று பொருள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. உணவகத்தில் நிஸ்தீசிமா என்ன இருக்கிறது என்று கேட்டால் உடனே புரியும். ஆனால் இறால், கணவாய் போன்றவை நோன்பில் அனுமதி, அவை வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ரோட்ஸுக்கே உரிய ஒரு பண்டம் பிதாரூதியா. கொண்டைக்கடலையை மசித்து, தக்காளி, வெங்காயம், புதினா சேர்த்து எண்ணெயில் பொரித்தது. மேசைக்கு வந்ததும் மாமியார் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, "இதுல சோம்புதான் குறையுது" என்றார். அன்று முதல் எந்த உணவகம் போனாலும் அதுதான் முதலில் வந்தது.

வீட்டில் இரண்டு விஷயம். கழிப்பறைக் காகிதத்தைக் கழிவறையில் போடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் கூடையில் போடுங்கள். அங்கே குழாய்கள் குறுகல், அடைத்துக்கொள்ளும். அப்புறம், கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரையும் இரவு 11-க்குப் பிறகும் சத்தம் போடக் கூடாது. இது வழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. பிள்ளைகளைக் குளத்திலிருந்து வெளியே கூப்பிட்டுத் தூங்க வைக்க நல்ல சாக்கு.

இரண்டாம் நாள் எங்கேயும் போகாதீர்கள். காரைக்கூட எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: லிண்டோஸ்

வாசல் திறக்கும் நேரத்துக்கே மலையடியில் இருங்கள். பத்து மணிக்கு மேல் நகரத்திலிருந்து பேருந்துகள் வந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். உச்சி 116 மீட்டர் உயரம், முந்நூறு படிக்குப் பக்கம். கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் வேண்டாம் என்பேன். வெயிலில் நாள் முழுக்க ஏறி இறங்கும் அந்தப் பிராணிகளைப் பார்த்தால் உட்கார மனம் வராது. ஏற முடியாதவர்கள் கீழே சதுக்கத்து மர நிழலில் காபி குடித்துக்கொண்டிருக்கலாம். மாமனார் அதைத்தான் செய்தார். கல் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும்.

கோட்டைக்குள் நுழையும் பெரிய படிக்கட்டுக்கு முன்னால், இடதுபுறம் பாறையில் ஒரு கப்பலின் பின்பகுதி செதுக்கியிருக்கும். அவசரப்பட்டு மேலே போய்விடாதீர்கள். கி.மு. 180 வாக்கில் பித்தோகிரித்தோஸ் என்ற சிற்பி செதுக்கியது. கப்பலின் மேல்தளம் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைதான் ஒரு கடற்படைத் தலைவரின் சிலைக்குப் பீடமாக இருந்தது. சிலை போய்விட்டது, கப்பல் நிற்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது துடுப்பு வைக்கும் இடம் வரை தெரிந்தது.

மேலே 87 மீட்டர் நீளத் தூண் மண்டபம், 42 தூண்கள் இருந்த இடம். அதையும் தாண்டி உச்சியில் அதீனா கோயில். பின்னால் போய்க் கீழே பார்த்தால் பாறைகள் வட்டமாகச் சூழ்ந்த சின்னக் கடல் தெரியும். புனித பவுல் வந்து இறங்கியதாக மரபு சொல்லும் விரிகுடா அது. இறங்கி நேராக அங்கே போய்க் குளியுங்கள். மதியத்துக்குள் வீடு.

நான்காம் நாள் வெறுமனே. மணல் வேண்டுமென்றால் சம்பிகா கடற்கரைக்குப் போகலாம், தண்ணீர் ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும். அதற்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில். குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் படியேறி வேண்டிக்கொள்கிறார்கள். பிறந்தால் சம்பிகோஸ், சம்பிகா என்று பெயர். தீவில் அந்தப் பெயர்க்காரர்களை நிறையப் பார்ப்பீர்கள்.

ஐந்தாம் நாள்: ரோட்ஸ் நகரம்

காலையில் கிளம்ப வேண்டாம். பகலில் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான பேரை இறக்கிவிடும், மாலை ஆக ஆக அவர்கள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பி, காரை மதிலுக்கு வெளியே விட்டு உள்ளே நடங்கள். 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இந்த நகருக்குள் மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள், துணி காய்கிறது, பூனை தூங்குகிறது.

முதலில் தொல்பொருள் அருங்காட்சியகம். சிலுவைப்போர் வீரர்களான புனித யோவான் சபையினர் 1440-இல் கட்டத் தொடங்கிய மருத்துவமனைக் கட்டடம். இங்கே இரண்டு கைப்பிடி வைத்த மதுச்சாடிகளுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். ரோட்ஸ் சாடிகளின் கைப்பிடியில் ரோஜா அல்லது சூரியக் கடவுளின் தலை முத்திரையாகக் குத்தியிருக்கும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த சாடித் துண்டுகளில் பக்கத்துத் தீவான கோஸின் வகைகளோடு ரோட்ஸ் வகையும் உண்டு. யவனர் மது நம் கரைக்கு வந்த சாடி இப்படித்தான் இருந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். பெரியவள் கண்ணாடி மேல் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வெளியே வந்தால் வீரர்கள் தெரு. 1309 முதல் 1522 வரை இந்தச் சபைதான் தீவை ஆண்டது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்தவர்களை அவரவர் மொழிப்படி பிரித்து, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு விடுதி கட்டிக்கொடுத்திருந்தார்கள். மதிலில்கூட ஒவ்வொரு மொழிக்காரருக்கும் காவல் காக்க ஒரு பகுதி. 1522-இல் துருக்கிய சுல்தான் சுலைமான் ஆறு மாதம் முற்றுகையிட்டு நகரைப் பிடித்தார். தெருவின் உச்சியில் இருக்கும் பெருந்தலைவர் மாளிகை 1856-இல் வெடிமருந்து வெடித்துச் சிதறியது. இப்போது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இத்தாலியர் ஆட்சியில் திரும்பக் கட்டியது.

யூதர் குடியிருப்புக்கும் போங்கள். கடற்குதிரை நீரூற்று இருக்கும் சதுக்கத்தில் ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. 1944 ஜூலையில் இந்தத் தெருக்களிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தவர்கள் சுமார் 150 பேர். 1577-இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மற்ற இடங்களைப் போல் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள்.

பொழுது சாயும்போது அகழிக்குள் இறங்குங்கள். கட்டணம் இல்லை, கூட்டம் இல்லை. தண்ணீர் ஒருபோதும் நிரப்பாத வறண்ட அகழி, இருபுறமும் உயர்ந்த மதில். புல்லில் அங்கங்கே பூசணிக்காய் அளவுக் கல் குண்டுகள் கிடக்கின்றன, முற்றுகைக் காலத்துக் குண்டுகள். நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொலோசஸ் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். லிண்டோஸைச் சேர்ந்த காரெஸ் செய்த அந்த வெண்கலச் சூரியச் சிலை, சுமார் 33 மீட்டர் உயரம், கி.மு. 226 நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்துவிட்டது. மண்ட்ராகி துறைமுக வாயிலில் இன்று நிற்பவை ஓர் ஆண் மானும் பெண் மானும்தான். கால்களை விரித்துத் துறைமுகத்துக்கு மேல் நின்றது என்பது பிற்காலக் கற்பனை.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும்

ஆறாம் நாள் பகல் முழுக்கக் கொடிப்பந்தலுக்கு அடியில். வெயில் தாழ்ந்ததும் லிண்டோஸ் பெரிய கடற்கரைக்கு எதிரே நீளும் முனைக்கு நடந்து போங்கள். பழைய காற்றாலையைத் தாண்டிப் போனால் வட்டமான ஒரு கல்லறை. பழங்கால கிரேக்கத்தின் ஏழு ஞானிகளில் ஒருவரான லிண்டோஸ் கிளியோபுலோஸின் கல்லறை என்று ஊரார் அழைக்கிறார்கள், உண்மையில் அது வேறொரு செல்வக் குடும்பத்துடையது. எதிரே கோயில் மலை முழுதாகத் தெரியும். பாதை கரடுமுரடு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

ஏழாம் நாளுக்குச் சிமி தீவுப் படகை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அழகான துறைமுகம், மறுக்கவில்லை. ஆனால் நேரத்துக்கு எழுந்து நகரத்துக்கு ஓடி, படகு நேரத்துக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும். அதைவிட மேற்குக் கரையின் கமிரோஸ் மேல். மலைச்சரிவில் கிடக்கும் ஒரு பழங்கால ஊர், தெருவும் வீட்டுச் சுவர்களும் அப்படியே தெரியும். மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுடையது, 600 கன மீட்டர் பிடிக்கும். நானூறு குடும்பங்கள் வரை அந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்திருக்கின்றன. திரும்பும்போது 1,215 மீட்டர் அத்தாவிரோஸ் மலையடியில் எம்போனாஸ் கிராமத்தில் மதிய உணவு. திராட்சைத் தோட்டங்களின் ஊர். வண்டி ஓட்டுபவர் மட்டும் மதுவைத் தொடக்கூடாது, மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்கும்.

கிளம்பும் காலை

வீட்டைக் காலை பத்து மணி வாக்கில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மிச்ச மளிகையை எடுத்துக்கொள்ள ஆள் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வந்த அம்மா தேனையும் ஆலிவ் எண்ணெயையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். குப்பையைத் தெருமுனைப் பெரிய தொட்டியில் போடுங்கள். விமானம் மாலையில் என்றால் நீச்சலுடையும் துண்டும் பெட்டியின் மேலே இருக்கட்டும். சாவியைக் கொடுத்துவிட்டு விலிகாவில் இன்னொரு முறை கடலில் இறங்கிவிட்டு, தலை ஈரத்தோடு விமான நிலையத்துக்குப் போகலாம்.